வேலிக்காத்தான் வில்

எங்கள் குப்பத்தில் விஜயதசமி அன்று அம்மன் அம்பு போடும். அம்மன் எங்கே போடும், ஆள்தான் போட வேண்டும். கோயில் வாசலில் ஒரு வாழை மரத்தை நட்டு மஞ்சள் துணி சுற்றி, அதுதான் அசுரன் என்று வைத்துக்கொள்வோம். அம்மன் சப்பரத்தில் வந்து எதிரே நிற்கும். பக்கத்தில் ஒருவர் நின்று, அம்மன் பேரைச் சொல்லி வில்லை இழுத்து விடுவார். அம்பு வாழையில் குத்தியதும் பம்பைச் சத்தம் காதைப் பிளக்கும். அந்த வில்லை இழுக்கிற முறை என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு. அவருடைய தாத்தா இழுத்தார், அப்பா இழுத்தார், அதற்குப் பிறகு இவர்.

இதில் என்ன பெரிய பெருமை என்று கல்யாணமான புதிதில் நானும் கிண்டல் செய்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவருக்கு அது அப்படி இல்லை. மீனவக் குப்பத்தில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் போகாத ஆம்பளை அவர். படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும் அளவுக்கு வாந்தி. அதனால் காசிமேட்டில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலைக்குப் போய்விட்டார். ஊர்க் கூட்டத்தில் பின்வரிசையில்தான் உட்காருவார். விஜயதசமி அன்று மட்டும் முன்னால் நிற்பார். அவருக்கு இருந்தது அந்த ஒரு இடம்.

போன மாசியில் அவருக்கு இடப்பக்கம் இழுத்துவிட்டது. ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த படகுக்கு அடியிலேயே விழுந்து கிடந்தாராம். நான் அதே காசிமேட்டில் மீன் வெட்டித் தருகிற பொம்பளை. வஞ்சிரத்தைப் பாதி வெட்டியபடியே போட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் வாய் நேராகிவிட்டது, கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டாவது நடக்க வந்துவிட்டது. இடது கை மட்டும் வரவில்லை. தொங்கியது.

அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் நல்ல பிள்ளை. சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஏறுகிற மாதிரி மெதுவாக மேலே ஏற்றச் சொல்வாள். அவள் முன்னால் ஏற்றுவார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையின் மேலேயே படுத்துக்கொள்வார். நான் கத்துவேன். கத்தினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது என்று தெருவுக்கே தெரியும். அந்த மாதங்களில் நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷன் படுத்துக் கிடந்தார் என்றால், அவருக்குள் எதுவும் மிச்சமில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆடி பிறந்ததும் ஊர்த் தலைவர் வீட்டுக்கு வந்தார். கோயில் பரணில் இருந்த பழைய வில்லைக் கறையான் தின்றுவிட்டது என்று சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கோச்சுக்காத நைனா. கை இப்டி கீது. இந்த வருசம் உன் பெரியப்பன் வூட்டுப் புள்ள இழுக்கட்டும். அம்மா காரியம், நின்னுடக் கூடாதுல்ல."

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். பல வாரங்களாக அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்ததில்லை.

"புது வில்லு நான் செய்றேன் தலைவரே. நானே இழுக்கறேன். என்னால முடிலன்னா முறை அவன் வூட்டுக்கே போட்டும். அப்பால நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். ஒரு தடவை முறை கைமாறினால் மாறினதுதான், திரும்பாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டுத் தலைவர் காபிகூடக் குடிக்காமல் போனார்.

வில் செய்வதற்கு எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர் எல்லைக்குள் முளைத்த மரமாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது. முறைக்காரர் வீட்டாரின் கையால்தான் சீவ வேண்டும், தச்சரிடம் கொடுக்கக் கூடாது. எந்தக் காலத்திலோ எவரோ வைத்த கட்டுப்பாடு. அப்போது கரையோரம் பூவரசும் புங்கையும் நின்றிருக்கும். இப்போது எங்கள் ஊர் எல்லைக்குள் என்ன இருக்கிறது? கிழக்கே கடல் அரிப்புக்குக் கொட்டின பாறாங்கல். மேற்கே கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற எண்ணூர் ரோடு. நடுவில் நாங்கள். கோயில் வேம்பு அம்மனுடையது, அதன் கிளையை ஒடித்தாலே குற்றம். இரண்டு தென்னை, அதில் வில் வராது. மிச்சம், லாரி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் தானாக முளைத்த வேலிக்காத்தான். முள்ளும் கோணலுமான அந்த மரத்தை விறகுக்குத் தவிர வேறு எதற்கும் யாரும் தொட்டதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் வலது கையால் ரம்பம் போட்டார், நான் கிளையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். முள் என் முழங்கையைக் கிழித்தது. "ஊருக்குள்ள வேற மரமே இல்லியாய்யா? இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டேன். அவர் வியர்த்துக்கொண்டே அறுத்தார். ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு கிடைத்தது. இரண்டு இடத்தில் வளைவு, நடுவுக்கு மேலே ஒரு பெரிய கணு. இருந்ததில் அதுதான் நேரானது.

அதை ஆப்பு வைத்துப் பிளந்தோம். ஒரு பாதி குறுக்கே வெடித்துப் பாழாகிவிட்டது. கணு இருந்த பாதிதான் முழுசாக வந்தது. காயும்போது நுனியில் விரிசல் விடாமல் இருக்க, படகுக்குப் பூசுகிற ரெசினை இரண்டு முனையிலும் தடவினார். அது நன்றாக வேலை செய்தது. மரம் விரிசல் இல்லாமல் காய்ந்தது. "பாத்தியா? நம்ம சரக்கு" என்று என்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வில் செய்கிற முறையை அவர் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டார். எவனோ ஒரு வெள்ளைக்காரன் கொட்டகையில் உட்கார்ந்து மரம் சீவுகிறான். அவன் பேசுவது எங்களுக்குப் புரியாது. கை செய்வது புரிந்தது. வில்லின் முதுகு, அதாவது அம்பு போகிற பக்கம், மரத்தின் ஒரே அடுக்காக இருக்க வேண்டும். பட்டையை உரித்து, அந்த அடுக்கைக் கண்டுபிடித்து, மரம் எப்படி நெளிகிறதோ அப்படியே கூடப் போக வேண்டும். குறுக்கே வெட்டினால் அங்கே பிளந்துகொள்ளும். என் வீட்டுக்காரர் முதலில் நூல் பிடித்து நேர்க்கோடு போட்டார், படகு வேலைப் பழக்கம். நான்தான் தடுத்தேன்.

"மீனு முள்ளு போற வழியிலதான்யா கத்தி போவணும். நீ கோடு போட்டு வெட்டுனா சதையெல்லாம் பூடும்."

கோட்டை அழித்துவிட்டு மரத்தின் நெளிவோடு சீவினார். இடது கை பிடிக்காது என்பதால் நான் எதிரே உட்கார்ந்து மரத்தை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு இதுதான் வேலை. வாசலில் மரத்தூள். ரோட்டில் லாரி ஹாரன். காற்று திரும்பினால் மேலே கரித்தூசி. இருந்தும், சுவரைப் பார்த்துக் கிடந்த ஆளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சீவிக்கொண்டே வந்து கணுவை அடைந்தபோது வந்தது வினை. கணுவுக்குள் உளுத்திருந்தது. ஆணியால் நெருடினால் கறுப்புத் தூள் கொட்டியது. சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்குப் பள்ளம்.

வெள்ளைக்காரனும் இந்த மாதிரி ஒரு கணுவைக் காட்டியிருந்தான். அவன் அதைத் தொடவே இல்லை. அந்த இடத்தில் மரத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலமாக விட்டுச் சுற்றிக்கொண்டு போனான். ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. அவனுடைய வில் வளைந்தது.

"அவன் சும்மா வுட்டுட்டான் பாத்தல்ல? நீயும் சுத்தி சதைய வுட்டுட்டுப் போ" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "ஓட்டைய வுட்டுட்டுப் போறதா? இன்னாமே பேசற? ஓட்டைய வுட்டா இன்னா ஆவும்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

காசிமேட்டில் அவருடைய வேலையை நான் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். படகில் விரிசல் விழுந்தால் அதைச் சுற்றி நல்ல இடத்தையும் சேர்த்துத் தேய்த்து எடுப்பார். மேட் என்கிற கண்ணாடி நார்த் துணியைக் கிழித்து வைப்பார், ரெசின் பூசுவார், அதன்மேல் இன்னொரு மேட். காய்ந்ததும் அந்த இடம் படகிலேயே கெட்டியான இடமாகிவிடும். "வேற எங்கனா ஒடையும், நான் ஒட்டுன எடத்துல ஒடையாது" என்பார். அது வெறும் பீற்றல் இல்லை. அவர் ஒட்டிய படகில் போனவர்கள் எல்லாம் கரைக்கு வந்தார்கள். ஓட்டையைப் பார்த்துவிட்டு அதை அப்படியே விடுவது அவரால் முடியாத காரியம்.

கணுவைச் சுத்தமாகத் தோண்டினார். ரெசின் ஊற்றினார். மேட் ஒட்டினார். தேய்த்து வழவழப்பாக்கினார். கையை வைத்தால் ஓட்டை இருந்த இடமே தெரியாது. அழகாகத்தான் இருந்தது.

பிறகு வலைக்கயிறை முறுக்கி நாண் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பழக்க ஆரம்பித்தோம். சிறிது இழுப்பது, எந்த இடம் வளையவில்லை என்று பார்ப்பது, அந்த இடத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவது, மறுபடி இழுப்பது. முதலில் நான் வில்லைப் பிடித்துக்கொள்ள அவர் வலது கையால் நாணை இழுத்தார். ஒரு நாள், "குடு, நானே புடிக்கறேன்" என்று வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டார். கை இடுப்புவரை வந்து நின்றது, நடுங்கியது. மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே. வில்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கையை மறந்துவிடுவார், கை தானாக ஏறும். புரட்டாசி பிறந்தபோது தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பெண் பார்த்துவிட்டுக் கை தட்டினாள். "அப்பா, வீட்ல இன்னா பண்றீங்க?" என்று கேட்டாள். அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் வில்லின் மேல்பாதி எனக்குச் சரியாகப் படவில்லை. கீழ்ப்பாதி நன்றாக வளைந்தது. மேல்பாதியில் ஒட்டுப் போட்ட இடம் விறைத்துக்கொண்டு நின்றது, அதற்கு நாலு விரல் தள்ளி மட்டும் மடங்கியது. உட்பக்கத்தில் அந்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது, நகத்தால் கீறினது போல. அவரிடம் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீக்கா கீது" என்றார். அதன்மேலும் ஒரு மேட் ஒட்டினார். கோடு மறைந்துவிட்டது. கெட்டியான இடம் இன்னும் நீண்டது. வளைய வேண்டிய இடம் இன்னும் குறுகிவிட்டது. படகு வளையக் கூடாது, வில் வளைந்தாக வேண்டும். இதை இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு ஏதோ தப்பு என்று பட்டதே தவிர, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நாங்கள் பாதிக்கு மேல் இழுத்துப் பார்க்கவும் இல்லை. விஜயதசமி அன்றைக்கு ஒரே தடவை முழுசாக இழுத்தால் போதும் என்று வில்லைத் துணி சுற்றிக் கோயிலில் கொடுத்துவிட்டோம்.

விஜயதசமி அன்று அவருக்கு நான் வேட்டி கட்டிவிட்டேன். சட்டை கூடாது, சந்தனம் மட்டும். கூட்டம் ரோடுவரை நின்றது. லாரிக்காரர்கள்கூட இறங்கி வந்து நின்றார்கள். சப்பரம் வந்து நின்றதும் தலைவர் வில்லை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பன் வீட்டுப் பையன் இரண்டடி பின்னால் நின்றான். நல்லவன்தான். இவர் விழுந்தால் பிடிக்கத்தான் நின்றான்.

நான் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தேன். அவருடைய இடது கையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கை எழுந்தது. இடுப்பைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது, தோளுக்கு நேராகப் போய் நின்றது. முழங்கை மடங்கவில்லை. நடுங்கவில்லை. வலது கை நாணைப் பின்னால் கொண்டுபோனது. வீட்டில் நிறுத்துகிற இடத்தையும் தாண்டி, காதுவரை. இழுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அந்த வில்லை முழுசாக இழுத்துவிட்டார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மேல்பாதி முறிந்து தொங்கியது. அம்பு அவர் காலடியிலேயே விழுந்தது. இழுத்த வேகத்தில் நிலைதடுமாறி ஒரு காலை மடித்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் "ஐயோ" என்றது. பையன் பாய்ந்து வந்து, இன்னும் முன்னால் நீட்டியபடியே இருந்த அவருடைய இடது கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டான்.

தலைவர் சைகை காட்டினார். யாரோ ஒரு மூங்கில் வில்லைக் கொண்டுவந்தார்கள். பாரிமுனையில் வாங்கியது, கைப்பிடியில் ஜிகினா ஒட்டியிருந்தது. முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள். "அவசரத்துக்குத் தோசம் இல்ல" என்றார் பூசாரி. பையன் இழுத்து விட்டான். அம்பு வாழையில் குத்தியது. பம்பை முழங்கியது. ஊர் எல்லைக்குள் முளைத்த மரம், முறைக்காரர் வீட்டாரின் கை என்று நாங்கள் கட்டிக்கொண்டு அழுததை எல்லாம் ஒருத்தரும் நினைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மனையே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், வலது கையால்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார், "கை வுட்டுடுச்சிமே."

"கை எங்கய்யா வுட்டுச்சி? நான் பாத்துகினே இருந்தேன். நேரா நின்னுது. மரந்தான் ஒடஞ்சுது."

"சும்மா இரு. கை நடுங்கி கோணலா இழுத்துட்டேன். இல்லாட்டி ஏன் ஒடையுது?"

உடைந்த துண்டை எடுத்துவந்து அவர் மடியில் போட்டேன். அவர் ஒட்டின இடம் கல்லு மாதிரி அப்படியே இருந்தது. இரண்டாவது மேட் முடிகிற ஓரத்தில்தான் முறிந்திருந்தது. அவர் ஒட்டைத் தடவிப் பார்த்தார். "ஒட்டு சரியாத்தான் கீது" என்றார். ஒட்டு சரி என்றால் கைதான் தப்பு. அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒட்டு சரி என்று விட்டால் அவருடைய கை போகிறது. ஒட்டு தப்பு என்று சொன்னால், காலமெல்லாம் செய்த வேலை போகிறது. என் நாக்கு நிற்காதே. சொல்லிவிட்டேன்.

"உன் ஒட்டுதான்யா ஒடச்சுது. ஓட்டைய அப்டியே வுட்டிருந்தா வளைஞ்சிருக்கும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "நீ அப்டித்தான் சொல்லுவ" என்றார்.

நான் விடவில்லை. அன்றைக்கு எல்லாருடைய கையிலும் போன் இருந்தது. எவராவது எடுத்திருப்பார்கள், காட்டிவிட்டால் நம்புவார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாப் போனிலும் அம்மன்தான் இருந்தது. பூ அலங்காரம், மூக்குத்தி, தீபாராதனை. சில பேர் வாழை மரத்தை எடுத்திருந்தார்கள். ஒரே ஒரு பெண்ணின் போனில் வில் முறிகிற சத்தம் கேட்கிறது, பிறகு படம் அவர் பக்கம் திரும்புகிறது. அதற்குள் அவர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார், பையன் அவருடைய கையை இறக்கிக்கொண்டிருக்கிறான். அதைப் பார்க்கிற யாரும் கை தூக்க முடியாதவர் என்றுதான் சொல்வார்கள். ஊரும் அதைத்தான் சொன்னது. பாவம், ஆசைப்பட்டான், கை ஒத்துழைக்கவில்லை என்று பரிவாகவே சொன்னார்கள். முறை பெரியப்பன் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கையைத் தூக்கவே இல்லை. ஆஸ்பத்திரிப் பெண் அழுத்திப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். "கையில ஒண்ணும் இல்லம்மா. அவர்தான் தூக்க மாட்டேங்கறார்" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். சுவரில் விரலை வைக்கச் சொன்னால் வைப்பார், அங்கேயே விட்டுவிடுவார்.

காலையில் மார்க்கெட்டுக்குப் போவதற்கு முன்னால் அவருக்கு நான்தான் சட்டை போட்டுவிடுகிறேன். வலது கையை அவரே நுழைத்துக்கொள்வார். இடது கையை நான் மணிக்கட்டில் பிடித்து மேலே தூக்கிச் சட்டைக்கைக்குள் விட வேண்டும். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார். அந்தக் கை என் கையில் கனப்பதே இல்லை. நான் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான், அது தானாகத்தான் மேலே வருகிறது. அவரிடம் சொன்னால் அதையும் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, பட்டனைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.